உரைத்தொகுப்பியும் தோட்டத்துத் தமிழும்: சொல்லை வகுத்து வண்ணமிடும் கருவியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. ஒன்று, தமிழ் வழங்கும் இடமெங்கும் அறியப்பட்ட பொருள்: ஆளைச் சுட்டும் பெயர். மற்றையது, ஒரு நாள் வேலைக்கு உரிய கூலிக் கணக்கு. மாலையில் மடுவத்திலிருந்து திரும்பும் பெண்ணொருத்தி ‘இன்னைக்கு அரைப்பேருதான்’ என்று சொல்வாளாயின், அன்றைய கொழுந்தின் நிறை தோட்டம் விதித்த அளவை எட்டவில்லை என்பதும், அரைநாட் சம்பளமே அவளுக்குக் கணக்கிடப்பட்டது என்பதும் கேட்பவர்க்கு விளங்கும். ஆளின் பெயரும் ஆளின் உழைப்பும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது தற்செயலன்று. ‘செக்றோல்’ எனப்படும் கூலிப் பேரேட்டில் ஒருவரின் பெயருக்கு நேரே இடப்படும் குறியே அவரது அன்றைய ஊதியமாயிற்று. குறி விழாத நாளில் அவர் வேலை செய்யாதவர் ஆயினார். உழைப்பவரை எழுத்தாகவும் எழுத்தை இலக்கமாகவும் மாற்றிய ஒரு முறைமை, மொழியிலேயே தன் தடத்தைப் பதித்துவிட்டது.

இக்கட்டுரை செக்றோலைப் பற்றியதன்று. கணினியில் உரையை எழுதவும் திருத்தவும் பயன்படும் உரைத்தொகுப்பி என்னும் கருவி, சிறப்பாக, எழுதப்படும் சொற்களை வகைபிரித்து வகைக்கொரு நிறம் ஊட்டுகின்ற அதன் உறுப்பு, எவ்வாறு தோன்றிற்று, அதிலே தமிழ் எவ்வாறு இடம் பெற்றது, தோட்டத்துத் தமிழ் ஏன் இன்னும் இடம் பெறாதிருக்கிறது என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இதன் நோக்கம். ஆங்கிலத்தில் சின்டக்ஸ் ஹைலைட்டிங் என வழங்கும் அவ்வுறுப்பை ஈண்டுச் ‘சொல்வகை வண்ணமிடல்’ என்போம். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன வேலை என்று வினவப்படலாம். பேரேட்டுக்கும் இக்கருவிக்கும் பொதுவான தொழில் ஒன்று உண்டு. இரண்டும் வரிவரியாக வருவதைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வகைக்குறி இடுகின்றன. அவ்வகைகளை வகுத்தவர் யார் என்பதே இரண்டிலும் கேட்கப்படவேண்டிய வினா.

தோட்டத் தொழிலாளர் தொடர்பான பழைய எழுத்துகளிற் பெரும்பாலானவை அவர்கள் எழுதியவை அல்ல, அவர்கள்மேல் எழுதப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் தகரவில்லை ஒன்றைப் பெற்றனர். ‘டின் டிக்கெட்’ எனப்பட்ட அதிலே போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கிற் சேரவேண்டும் என்பதை அறிய அது போதுமாயிருந்தது. ‘துண்டு’ என்பது வேறொன்று. கடன் தீர்க்கப்பட்டால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. கங்காணிகளின் கையில் அது கடனையும் ஆளையும் ஒருசேரக் கைமாற்றும் பத்திரமாயிற்று. 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கணினியியலார் உரையிலிருந்து பிரித்தெடுக்கும் மிகச் சிறிய கூற்றுக்கு ‘டோக்கன்’ என்று பெயரிட்டுள்ளனர். அடையாளவில்லை என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருள்களுள் ஒன்று. சொல்லொற்றுமையிலிருந்து வரலாற்றை வருவிப்பது ஆய்வு நெறியாகாது. எனினும் கழுத்தில் வில்லை கட்டப்பட்ட மக்களின் வழிவந்தோர் இச்சொல்லைக் கணினிப் பாடத்தில் முதன்முறை எதிர்கொள்ளும்போது சற்றே நின்று போவதில் தவறில்லை.

அச்சு நூலின் கதையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. மலையக இலக்கியத்தின் முதல் அச்சு நூலாகப் பொதுவாகச் சுட்டப்படும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. அதனை இயற்றிய ஆபிரகாம் ஜோசப் தோட்ட நிருவாகத்திற் பணியாற்றியவர். கும்மி என்னும் வடிவம் மக்களுடையது. அதிலே பேசும் குரல் நிருவாகத்தினுடையது. தொழிலாளர் பக்கத்திலிருந்து எழுத்துக் கருவியைக் கைப்பற்றும் முயற்சிக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் 1940இற் சிறு நூலாக அச்சேறின. எழுத்தறிவு மறுக்கப்பட்ட கூட்டத்தின் முன் அச்செழுத்துப் பாட்டாக மாறவேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எழுதப்பட்ட பெயர் எத்துணை வலிமையுடையது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் கொடுமையாக உணர்த்தின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. வதிவை மெய்ப்பிக்க ஆவணம் வேண்டியிருந்தது. ஆவணமோ பிறர் கையால் எழுதப்பட்டது. பேரேட்டில் ஒருவிதமாகவும் பிறப்புப் பதிவில் வேறொருவிதமாகவும் எழுதப்பட்ட ஒரே பெயர், இரண்டு ஆட்களாகக் கொள்ளப்படும் இடர் இன்றும் தோட்டப்புறங்களில் முற்றாக நீங்கிற்றில்லை. எழுத்துப்பிழை என்பது மலையகத்தில் இலக்கணப் பிரச்சினை மட்டுமன்று.

இப்பின்னணியை மனத்திற் கொண்டே உரைத்தொகுப்பியை அணுகவேண்டும். அதன் உள்ளமைப்பு இலக்கிய மாணவருக்கு அந்நியமானதன்று. முதலாவது வேலை உரையைப் பேணுதல். இதற்கு வழிகள் பல. அவற்றுள் ஒன்று, 1974இல் ஸெரொக்ஸ் கொம்பனியின் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தில் உருவான ‘பிராவோ’ என்னும் தொகுப்பியிற் கையாளப்பட்ட துண்டு அட்டவணை முறையாகும். மூல உரை ஒருபோதும் மாற்றப்படுவதில்லை. புதிதாக எழுதப்படுவன யாவும் தனியே ஓரிடத்தில் அடுக்கப்படும். எங்கிருந்து எவ்வளவு எடுத்து எவ்வரிசையிற் காட்டவேண்டும் என்பதை மட்டும் அட்டவணை நினைவில் வைத்திருக்கும். ஏட்டுச்சுவடியை மாற்றாது வைத்துப் பாடபேதங்களை அடிக்குறிப்பாகத் தொகுத்த பதிப்பாசிரியரின் முறையை அறிந்தவர்க்கு இது புதியதாகத் தோன்றாது. திருத்தியதை மீளப் பழைய நிலைக்குக் கொணரும் வசதியும் இதனாலேயே எளிதாகின்றது: அட்டவணையை மட்டும் முன்னிருந்தவாறு மாற்றினாற் போதும்.

இரண்டாவது வேலை வகுத்தல். எழுத்தோட்டத்தை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும் நிரல், இது மொழியின் கட்டளைச் சொல், இது எழுதுபவர் இட்ட பெயர், இது எண், இது மேற்கோளுக்குள் அடங்கிய உரை, இது விளக்கக் குறிப்பு எனப் பிரிக்கின்றது. பிரித்தபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என வகுத்த தொல்காப்பிய மரபில் வந்தோர் இதனை எளிதில் உணர்வர். தனித்து நின்று பொருள் தராது பெயரோடும் வினையோடும் சார்ந்தே இயங்கும் இடைச்சொல்லுக்கும், கூட்டற்குறி, அடைப்புக்குறி முதலியவற்றுக்கும் உள்ள உறவு வெறும் உவமையளவில் நிற்பதன்று. இரண்டிலும் தனிநிலையால் அன்றித் தொழிலாலேயே வகை தீர்மானிக்கப்படுகின்றது.

வண்ணமிடலுக்கு முற்பட்ட வடிவம் ஒன்று நம்மிடமும் இருந்தது. ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இடப்படாமை பெருவழக்கு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மூலமும் உரையும் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடும். எங்கு எது முடிகிறது என்பதை அறிவது கற்றோரின் தனியுரிமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரப்பியபோதும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் 1880களிற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோதும் நிகழ்ந்தது என்ன? மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் வந்தன, சந்தி பிரிக்கப்பட்டது, மேற்கோளுக்குக் குறி இடப்பட்டது. நிறம் இல்லையே ஒழிய வகுத்துக் காட்டும் தொழில் அதுவே. ஆசிரியரின் துணையின்றித் தானே படிக்கும் புதிய வாசகர் வர்க்கம் தோன்றியதனாலேயே இக்குறிகள் வேண்டப்பட்டன. இலயத்துக் காம்பராக்களில் வாழ்ந்தோர் அவ்வர்க்கத்திற் சேர்க்கப்படவில்லை என்பதை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடலாகாது. ஆயினும் அது தனிக் கட்டுரைக்கு உரியது.

மேலைநாட்டிலும் வண்ணமிடல் நிரலாளரின் தேவையிலிருந்து மட்டும் பிறந்ததன்று என்பது வியப்பான செய்தி. 1984இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைக் கணினிமயமாக்கும் திட்டம் தொடங்கியது. ஐ.பி.எம். கொம்பனியைச் சேர்ந்த மைக் கௌலிஷோ அத்திட்டத்துக்காக 1985இல் ‘லெக்ஸ்’ என்னும் தொகுப்பியை அமைத்தார். அகராதிப் பதிவொன்றில் தலைச்சொல், ஒலிப்பு, சொற்பிறப்பு, மேற்கோள், ஆண்டு முதலியன ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கும். எழுத எழுதவே இவற்றைப் பகுத்து, வெவ்வேறு எழுத்துருவிலும் நிறத்திலும் காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு இருந்தது. அவ்வாறு உடனுக்குடன் வண்ணமிட்ட முன்னோடித் தொகுப்பிகளுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. நிரலாளர் இன்று நாள்தோறும் காணும் வண்ணத்திரையின் மூதாதையருள் அகராதியியலாளரும் உளர்.

ஆனால், கருவியின் வரலாற்றை அதனை அமைத்தவரின் வரலாறாக மட்டும் எழுதிவிடல் பொருந்தாது. அதே திட்டத்தில் 120க்கும் மேற்பட்ட தட்டச்சாளர் ஐக்கிய அமெரிக்காவில் அமர்ந்து ஏறத்தாழ 35 கோடி எழுத்துகளைக் கணினியிற் புகுத்தினர். அவற்றை இங்கிலாந்தில் 55 மெய்ப்புப்பார்ப்போர் சரிபார்த்தனர். 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பைப் புரட்டுபவர், இயந்திரத்துள் உறைந்து கிடக்கும் கடந்தகால உழைப்பு என்று மார்க்ஸ் சுட்டியது யாதென்பதை அங்கே காணலாம். இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவிற் பேணும் ‘நூலகம்’ திட்டம் 2005இல் தொடங்கியது. அத்தகைய முயற்சிகளால் மலையகச் சிறு வெளியீடுகள் பல அழிவிலிருந்து தப்பின. எனினும் படமாகப் பிடிக்கப்பட்ட பக்கம் தொகுப்பிக்கு உரையாகாது. அதனை எழுத்து எழுத்தாகப் புகுத்த ஆட்கள் வேண்டும். அந்த 120 பேர் நம்மிடம் இல்லை.

தமிழ் கணினிக்குள் நுழைந்த வழியை இனி நோக்கலாம். சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஆக்கியபோதே இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்கும் சிக்கல் தோன்றிவிட்டது. புள்ளியையும் சில உயிர்க்குறிகளையும் தனி விசைகளாகப் பிரித்து மெய்யோடு பொருத்துவதே தீர்வாயிற்று. 1963இல் அமெரிக்காவிற் தரப்படுத்தப்பட்ட ஆஸ்கி குறிமுறையில் 128 இடங்களே உண்டு. அவை யாவும் ஆங்கிலத்துக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் போய்விட்டன. 1991இல் வெளிவந்த யூனிக்கோட் தமிழுக்கும் இடம் ஒதுக்கியது. ஆனால் இந்தியாவில் 1988இல் ஆக்கப்பட்ட இஸ்கி அமைப்பைப் பின்பற்றியது. அதன்படி ‘க’ என்பது அடிப்படை எழுத்து. ‘க்’ என்பது ‘க’வோடு புள்ளி சேர்ந்தது. நம் இலக்கணமோ மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் ஆகும் என்கிறது. இலக்கணத்தில் உயிர் வந்து கூடுகிறது. குறிமுறையிற் புள்ளி வந்து அகரத்தை நீக்குகிறது. இதனைக் கண்டு கொதித்தெழுந்தோர் பலர். 2010இல் தமிழ்நாடு அரசு அனைத்தெழுத்துக் குறிமுறை ஒன்றையும் தரமாக அறிவித்தது. இவ்விவாதத்தில் உணர்ச்சியே மிகுந்திருந்தது என்பது என் கருத்து. தொகுப்பியை அமைக்க முற்படுபவனை உண்மையில் இடறுவது வேறொரு கல்.

சொற்களைப் பிரித்தெடுப்பதற்கு நிரலாளர் வடிவக்கோவை என்னும் உபாயத்தைப் பயன்படுத்துவர். 1956இல் ஸ்ரீவன் கிளேனி கணித வடிவில் வகுத்ததைக் கென் தொம்சன் 1968இல் உரையில் தேடும் கருவியாக மாற்றினார். அதே 1956இல் நோம் சொம்ஸ்கி மொழியமைப்பின் மாதிரிகளை வகைப்படுத்தி எழுதிய கட்டுரையும் வெளிவந்தது. ஒரு சொல்லை உருவாக்கவல்ல எழுத்துகள் எவை என்பதற்கு அக்கோவைகளில் ஒரு சுருக்கக் குறி உண்டு. பல மொழிகளில் அக்குறி ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு என்பவற்றை மட்டுமே ஏற்கின்றது. தமிழ் அதற்குச் சொல்லே அன்று. பைதன் மொழியின் வழக்கமான வடிவத்தேடல் நூலகம் சற்றுத் தாராளமானது. தமிழ் எழுத்துகளை ஏற்கும். ஆனால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாது. ‘தொழிலாளி’ என்னும் சொல்லை அதனிடம் கொடுத்துச் சொற்களைப் பிரித்துத் தருமாறு கேட்டால் அது த, ழ, ல, ள என்னும் நான்கு துண்டுகளைத் தருகின்றது. தொழிலாளியைத் தேடி வந்தவனுக்கு நான்கு எலும்புகள் கிடைக்கின்றன. இதைச் செய்தவர் எவரும் தமிழுக்குத் தீங்கு எண்ணினாரல்லர். ‘எழுத்து’ என்னும் வகையை வரையறுத்தபோது அவர்கள் முன் இருந்த மொழி வேறு, அவ்வளவே. கருவியில் உறையும் கருத்துநிலை பெரும்பாலும் தீய எண்ணமாக அன்றி இயல்பான எண்ணமாகவே தோன்றும்.

தமிழையே மூலமாகக் கொண்டு நிரல்மொழி ஒன்றை வகுத்து, அதற்குத் தொகுப்பியும் அமைத்த முயற்சி ‘எழில்’ ஆகும். முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கிய இம்மொழி 2013இற் கட்டற்ற மென்பொருளாகப் பரவலாக வெளியிடப்பட்டது. அதற்கென அமைந்த ‘எழுதி’ என்னும் மேசைக்கணினிச் செயலி பைதன் மொழியிலும் ஜி.டி.கே. சாளர நூலகத்திலும் ஆக்கப்பட்டது. தோட்டத்துப் பேரேட்டின் விதி ஒன்றை எழிலில் எழுதினால் இவ்வாறு அமையும்:

நிரல்பாகம் பேர்க்கணக்கு( கொழுந்து )
@( கொழுந்து >= 18 ) ஆனால்
பின்கொடு "முழுப்பேர்"
இல்லை
பின்கொடு "அரைப்பேர்"
முடி
முடி

பதினெட்டுக் கிலோ என்பது எடுத்துக்காட்டுக்கே. அளவு தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும். இதனை ‘எழுதி’ போன்ற தொகுப்பியில் இட்டால் நிரல்பாகம், ஆனால், பின்கொடு, இல்லை, முடி என்னும் கட்டளைச் சொற்கள் ஒரு நிறத்திலும், மேற்கோளுக்குள் நிற்பன இன்னொரு நிறத்திலும், எண் வேறொரு நிறத்திலும் தோன்றும். நிபந்தனை முன்னே வர ‘ஆனால்’ பின்னே வருவதைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தின் சொல்லொழுங்கை அப்படியே பெயர்க்காமல், தமிழின் தொடரொழுங்குக்கு ஏற்ப மொழி வகுக்கப்பட்டுள்ளது. இன்றைய வழக்கில் எதிர்மறைத் தொடர்ப்பாக வழங்கும் ‘ஆனால்’ என்னும் சொல், ‘ஆகுமாயின்’ என்னும் தன் பழைய நிபந்தனைப் பொருளை நிரலிலே மீளப் பெற்றுவிட்டது. சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர்க்கு இது சுவையான செய்தி. மேற்கண்ட ஏழு வரிகளில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. கணக்கப்பிள்ளையின் கையேட்டிலும் துரையின் கட்டளையிலும் மறைந்து கிடந்த விதி, கொழுந்து பறிப்பவளின் மகள் படித்து, பதினெட்டு ஏன் இருபதாயிற்று என்று கேட்கக்கூடிய வடிவில் திரையில் நிற்கின்றது.

ஆயினும் எழிலின் தமிழ் செந்தமிழ். அது வேறுவிதமாக இருந்திருக்கவும் இயலாது. கட்டளைச் சொற்கள் சில பத்துகளே. அவற்றுக்கு நிலையான வடிவம் வேண்டும். மக்கள் உரையைத் தொகுக்கும்போதுதான் நிலைமை மாறுகின்றது. பெரட்டு, காம்பரா, இஸ்தோப்பு, கவ்வாத்து, தவறணை, மட்டக்கம்பு, முள்ளுக்குத்து என்னும் சொற்களை எழுத்துப்பிழை காணும் செயலிகளில் இட்டுப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் கீழே சிவப்புக் கோடு விழுவதைக் காணலாம். ‘பெரட்டு’ என்பதா ‘பிரட்டு’ என்பதா என்ற கேள்வியை அகராதி தீர்க்கவில்லை. பதிவாளர் ஒவ்வொருவரும் தத்தம் செவிக்கேற்ப எழுதினர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அவருக்குச் சொல்லின் பொருள் பிறர் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின் சேகரிப்பில் இறங்கும் நம்மிற் பலருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இக்காரணத்தால் இக்கட்டுரையாளனும் பட்டப்படிப்பு மாணவர் சிலரும் ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளிற் பதிவுசெய்த பாடல்களையும் வாய்மொழிச் சான்றுகளையும் ஒழுங்குபடுத்துவதற்கெனச் சிறு தொகுப்பி ஒன்றை அமைக்க முற்பட்டோம். பைதனோடு வரும் டி.கே. சாளரக் கருவியில் உரைப்பெட்டி ஒன்று ஆயத்தமாகவே உள்ளது. உரையின் எப்பகுதிக்கும் ஒரு குறிச்சீட்டு ஒட்டி, சீட்டுக்கு நிறம் கொடுத்துவிடலாம். பாடுபவர் கூற்று, பதிவாளர் விளக்கம், பாடபேதம், தோட்ட வழக்குச்சொல் என நான்கு வகைகளைக் கொண்டோம். முதல் நாளே மேற்சொன்ன நான்கு எலும்புகள் எங்கள் திரையில் விழுந்தன. தமிழ்ப் பகுதியின் குறிகள் அனைத்தையும் ஒரே எல்லைக்குள் அடக்கிக் கோவையை மாற்றி எழுதிய பின்னரே சொல் முழுமையாயிற்று. அடுத்தது வேகம். ஒவ்வோர் எழுத்தை அழுத்துந்தோறும் உரை முழுவதையும் மீள வகுத்தால் நீண்ட சான்றுகளில் விசைக்கும் திரைக்கும் இடையே தாமதம் ஏற்படுகின்றது. ஒவ்வொரு வரியும் எந்நிலையில் முடிந்தது, மேற்கோளுக்குள்ளா வெளியிலா என்பதைக் குறித்து வைத்து, மாறிய வரியிலிருந்து தொடங்கி முன்னைய முடிநிலையும் புதிய முடிநிலையும் ஒத்துப்போகும் வரி வரை மட்டும் வகுப்பதே இதற்கான மருந்து. பெரும்பாலும் அவ்வரியிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாத இடமும் உண்டு. முதிய பெண்ணொருவரின் சான்றை உள்ளிட்டபோது ஒரு மேற்கோட்குறி மூடப்படாது விடப்பட்டது. அதற்குக் கீழேயிருந்த பதிவாளரின் விளக்கம், அடிக்குறிப்பு, என்னுடைய அனுமானங்கள் யாவும் அம்முதியவரின் கூற்றுக்குரிய நீல நிறத்தைப் பெற்றன. திரை முழுதும் நீலம். கருவி பழுதென்று அரை மணி நேரம் தேடினோம். பழுது கருவியிலன்று. அச்சு நூல்களில் இதே பிழை நிகழ்ந்தால் அதனைக் காட்ட நிறம் இல்லை. சேகரித்தவரின் குரல் மக்களின் குரலாக நின்றுவிடுகின்றது. அவ்வாறு நின்றவற்றை மேற்கோளாக எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியவருள் நானும் ஒருவன்.

நான்காவது நிறமே விவாதத்தைக் கிளப்பியது. கங்காணி, பெரட்டு, இஸ்தோப்பு முதலியவற்றைச் செம்மஞ்சளிற் காட்டினோம். பிழையென்று கோடிடாமல் வகையென்று காட்டுவது முற்போக்கான செயல் என்று நான் எண்ணியிருந்தேன். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் அதனை ஏற்கவில்லை. ‘சேர், எங்க வீட்டுல இதெல்லாம் சும்மா தமிழ். உங்க சொல்லுக்கு மட்டும் ஏன் கறுப்பு?’ என்பது அவரது கேள்வி. நிறமற்ற கறுப்பு, அதாவது விளக்கம் வேண்டாத இயல்பு நிலை, யாருடைய தமிழுக்கு உரியதாக்கப்பட்டது என்பதை நான் எண்ணியிருக்கவில்லை. வாதம் இரண்டு வாரம் நீடித்தது. முடிவில் அவ்வகையை நீக்கினோம். அதற்குப் பதிலாகப் பதிவாளர் தாமாக இட்ட எழுத்துமொழிச் சொற்களுக்கு, பாடுபவர் சொல்லாத ‘தொழிலாளர்’, ‘ஊதியம்’, ‘குடியிருப்பு’ போன்றவற்றுக்கு, அச்செம்மஞ்சளைக் கொடுத்தோம். சில பக்கங்களில் என் பங்களிப்பு முழுதும் செம்மஞ்சளாயிற்று.

ஒரு சொல் மட்டும் எவ்விதிக்கும் அடங்கவில்லை. கூலிக்கணக்கின் சொற்களைத் தனியே தொகுக்கும் நோக்குடன் ‘பேர்’ என்பதற்கு நிறம் கொடுக்க முயன்றோம். அரைப்பேர், முழுப்பேர் என்பன எளிதில் அகப்பட்டன. ‘என் பேரு விழல’ என்று வரும் இடத்தில் அது குடியுரிமைப் பட்டியலில் விழாத பெயரா, செக்றோலில் விழாத நாளா என்பதை எழுத்தைக் கொண்டு அறிய இயலவில்லை. முன்பின் வரிகளைக் கொண்டும் சில இடங்களில் அறிய இயலவில்லை. ஒலிப்பதிவை மீளப் போட்டுக் கேட்டோம். பாடியவரிடமே திரும்பிச் சென்று கேட்டபோது, ‘ரெண்டுந்தான்’ என்றார். கருவியின் இன்றைய வடிவில் அச்சொல் நிறமின்றியே இருக்கின்றது.